எந்த நாளின் பழைய நிலை?

'ரெஸ்டோர்' என்ற ஆங்கில வினைச்சொல் தமிழ்நாட்டின் அன்றாடப் பேச்சில் எப்போதோ குடியேறிவிட்டது. புயல் ஓய்ந்ததும் மின்வாரியம் மின்சாரத்தை ரெஸ்டோர் செய்கிறது. வாதி ஆஜராகாததால் தள்ளுபடியான வழக்கை மறுபடி கோப்பில் எடுக்கக் கோரி வழக்கறிஞர் ரெஸ்டோரேஷன் மனு போடுகிறார். புதுக் கைபேசி வாங்கியவர் பழைய வாட்ஸ்அப் உரையாடல்களை ரெஸ்டோர் செய்துகொள்கிறார். கோயிலுக்கும் சோலைக்காட்டுக்கும் பழைய படச்சுருளுக்கும் அந்தந்தத் துறையினர் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். போனது திரும்பி வரும், முன்பு இருந்தபடியே இருக்கும் என்பது அந்தச் சொல் தரும் வாக்குறுதி.

இந்த வாக்குறுதி எங்கே நிறைவேறும், எங்கே நிறைவேறாது என்பதுதான் இங்கே ஆராயவேண்டியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'பழையபடி ஆக்குகிறேன்' என்று ஒருவர் சொன்னால், எந்த நாளின் பழையபடி, எந்தச் சான்றை வைத்து என்று சொல்ல அவர் கடமைப்பட்டவர். அதைச் சொல்ல முடியாதவருக்கு அந்த வினையைக் கையாள உரிமை கிடையாது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ரெஸ்டௌராரே' என்ற லத்தீன் வினை பழைய பிரெஞ்சு வழியாக 1300-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்குள் வந்தது. தொடக்கத்திலிருந்தே அதற்கு இரண்டு பொருள். பறித்ததை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது ஒன்று. தளர்ந்ததை, பழுதுபட்டதை நல்ல நிலைக்குக் கொண்டுவருவது மற்றொன்று. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில் இரண்டையும் பார்க்கலாம். வரி வசூலிப்பவனான சகேயு அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொல்லும் இடத்தில் வருவது இந்த வினைதான். 23-ஆம் சங்கீதத்தில் ஆத்துமாவைக் குறித்து வருவதும் இதுவேதான்; தமிழ் விவிலியம் அங்கே 'தேற்று' என்ற வினையை வைத்தது, பொருத்தமாக. 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் உடலைத் தேற்றும் இறைச்சிச் சாறுக்கு 'ரெஸ்டோரான்' என்று பெயர். அதை விற்ற கடைக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊர்ப் பெயர்ப்பலகைகளில் காணும் 'ரெஸ்டாரண்ட்' அங்கிருந்து வந்ததுதான்.

இலக்கணத்திலும் இதற்கு ஒரு வளைவு உண்டு. அரியணையை அரசனுக்கு ரெஸ்டோர் செய்யலாம், அரசனை அரியணைக்கும் ரெஸ்டோர் செய்யலாம். இரண்டும் சரியான ஆங்கிலம். தமிழின் 'மீட்டல்' இதற்கு நெருங்கி வருகிறது. அடகு வைத்த நகையை மீட்கிறோம், நோயின் பிடியிலிருந்து ஆளையும் மீட்கிறோம். ஆனால் பழைய உருவத்தைத் திரும்ப உண்டாக்குவது 'மீட்பு' என்ற சொல்லுக்குள் அடங்காது. அதற்குச் சீரமைப்பு, புனரமைப்பு, புதுப்பிப்பு, மராமத்து, திருப்பணி என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேலை. செய்தித்தாள்களும் அரசாணைகளும் எல்லாவற்றையும் 'புனரமைப்பு' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுவதால், என்ன வேலை நடந்தது என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகிறது.

பக்கத்து வீட்டுச் சொல்லான 'ரெனியூ'வோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். ஓட்டுநர் உரிமத்தையும் நூலக உறுப்பினர் அட்டையையும் ரெனியூ செய்கிறோம். அந்த வினை முன்னோக்கியது. இன்றிலிருந்து இன்னொரு காலம் தொடங்குகிறது. ரெஸ்டோர் பின்னோக்கியது. இந்த இரண்டும் எவ்வளவு எளிதில் இடம் மாறிக்கொள்ளும் என்பதற்கு ஜப்பானில் ஓர் எடுத்துக்காட்டு. 1868 ஜனவரி 3 அன்று பேரரசரின் ஆட்சி திரும்ப நிறுவப்பட்டதாக அறிவித்தார்கள். ஆங்கில வரலாற்று நூல்கள் அதை 'மெய்ஜி ரெஸ்டோரேஷன்' என்று எழுதுகின்றன. ஜப்பானியர்கள் வழக்கமாகச் சொல்லும் 'மெய்ஜி இஷின்' என்பதோ புத்தாக்கம் என்று பொருள்படுவது. அடுத்து வந்த ஆண்டுகளில் நடந்ததும் புத்தாக்கம்தான்: ரயில், கட்டாயக் கல்வி, நவீனப் படை, அரசமைப்புச் சட்டம். பழமையின் பெயரால் நாட்டை முற்றிலும் புதிதாக்கினார்கள்.

இங்கிலாந்தில் 1660-இல் நடந்தது அதன் மறுபக்கம். முதலாம் சார்லஸ் 1649-இல் தலை வெட்டப்பட்டார்; முடியாட்சி ஒழிந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1660 மே 29 அன்று, தம் முப்பதாவது பிறந்தநாளில் இரண்டாம் சார்லஸ் லண்டனுக்குள் நுழைந்தார். பெரிய எழுத்தில் தொடங்கும் 'ரெஸ்டோரேஷன்' என்றால் ஆங்கிலத்தில் இன்றும் இதுதான். சட்ட ஆவணங்கள் அந்த ஆண்டை அவருடைய ஆட்சியின் பன்னிரண்டாம் ஆண்டு என்று குறித்தன. இடையில் குடியரசு ஒன்று இருந்ததாகவே ஏடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பிவந்த முடியாட்சி பழைய முடியாட்சி இல்லை. தந்தை காலத்தில் ஒழிக்கப்பட்ட நட்சத்திர மன்றம் என்னும் அரச நீதிமன்றம் திரும்பவில்லை. அரசனுக்குப் பிரபுக்கள் செலுத்தவேண்டியிருந்த பழைய நிலமானியக் கடமைகளையும் 1660-லேயே சட்டம் போட்டு நீக்கினார்கள். பெயர் திரும்பியது, ஆள் திரும்பினார், அதிகாரம் முழுதாகத் திரும்பவில்லை. அரசியலில் இந்த வினை வரும் இடங்களிலெல்லாம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

இந்தச் சொல்லின் மீது உண்மையான போர் நடந்தது கட்டடக்கலையில். அங்கேதான் சற்று நின்று பார்க்கவேண்டும்.

பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் வியொலே-லெ-துக் 1840-களில் பாரிஸின் நோத்ர்-தாம் பேராலயத்தைச் சீர்செய்யத் தொடங்கினார். அதன் பழைய கூர்கோபுரம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அகற்றப்பட்டிருந்தது. அவர் தம் கற்பனையும் ஆய்வும் கலந்து, முந்தையதைவிட உயரமாக, 1859-இல் புதியது ஒன்றை எழுப்பினார். அதன் அடியில் திருத்தூதர்களின் செப்புச் சிலைகளை நிறுத்தி, தோமாவுக்குத் தம் முகத்தையே வைத்தார். பேராலயத்தின் மேல்மாடத்தில் கன்னத்தில் கைவைத்து நகரத்தைப் பார்க்கும் விசித்திர விலங்குருவங்களும் அவர் காலத்தவை. இன்று சுற்றுலாப் பயணிகளில் பலர் அவற்றை இடைக்காலச் சிற்பங்கள் என்றே நம்புகிறார்கள். அவரும் தம் கொள்கையை மறைத்துவைக்கவில்லை. கட்டடத்தை ரெஸ்டோர் செய்வது என்றால் பழுதுபார்ப்பதல்ல; எந்தக் காலத்திலும் இருந்திராத ஒரு முழுமையை அதற்கு அளிப்பதாகவும் அது இருக்கலாம் என்று தம் கட்டடக்கலை அகராதியில் எழுதினார்.

ஆங்கிலேயரான ஜான் ரஸ்கின் 1849-இல் வெளியிட்ட 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் இதற்கு நேர் எதிராக நின்றார். ஒரு கட்டடத்துக்கு நேரக்கூடிய மிகப் பெரிய அழிவே ரெஸ்டோரேஷன்தான், செத்தவரை எழுப்ப முடியாததுபோல அது நடக்காத காரியம் என்பது அவர் வாதம். கொத்தனின் கை செதுக்கிய மேற்பரப்பு அரை அங்குலம் தேய்ந்து போயிருந்தால், அந்த அரை அங்குலத்தில்தான் கலை இருந்தது. அதைத் திரும்பச் செதுக்குகிறவர் வேறொருவர், அவர் காலம் வேறு. 1877-இல் ட்யூக்ஸ்பரி மடாலயக் கோயிலைப் புதுப்பிக்கும் திட்டம் கிளம்பியபோது, வில்லியம் மோரிஸ் பழங்கட்டடங்களைக் காப்பதற்கான சங்கத்தைத் தொடங்கினார். கல்லைச் சுரண்டிப் புதுமெருகு ஏற்றுவதை எதிர்த்ததால் அதற்குச் 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்ற பொருளில் செல்லப்பெயரும் வந்தது. அவர்கள் கேட்டது எளிய விஷயம்: ரெஸ்டோர் செய்யாதீர்கள், ஒழுங்காகப் பராமரியுங்கள். உடைந்த ஓட்டை அன்றன்றே மாற்றினால், நூறாண்டு கழித்துப் பெரிய வேலை வராது.

நமக்கு இது புதிய கருத்தல்ல. ஏரிக்கரையை உடையுமுன் உயர்த்துவது, மதகைச் சரிபார்ப்பது, வரத்துக் காலைத் தூர்வாருவது என்று ஊரே கூடிச் செய்த வேலைக்குக் குடிமராமத்து என்று பெயர். 1858-இல் சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் கொண்டுவந்த கட்டாய உழைப்புச் சட்டம் இந்தப் பழக்கத்தைக் கடமையாக எழுதிவைத்தது. ஆண்டுதோறும் நடக்கும் வேலை அது. நின்றுபோன பிறகு பெருந்தொகை ஒதுக்கி, கனரக எந்திரம் இறக்கிச் செய்வது வேறு வேலை. பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டுவதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

ரஸ்கின் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிடவும் என்னால் முடியவில்லை. 1944-இல் ஜெர்மானியப் படை வார்சா நகரைத் திட்டமிட்டுத் தகர்த்தது. போலந்து மக்கள் பெல்லோட்டோ என்ற 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் வரைந்த நகரக் காட்சிகளையும், போருக்கு முன் எடுத்த அளவு வரைபடங்களையும் கையில் வைத்துக்கொண்டு பழைய நகரத்தை மறுபடி கட்டினார்கள். ஒரு மக்களின் நினைவை அழிப்பதற்கென்றே இடித்த நகரத்தை இடிபாடாகவே விட்டிருக்கவேண்டும் என்று சொல்ல எந்தக் கோட்பாட்டுக்கும் தகுதியில்லை. 1980-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது, மறுபடி கட்டப்பட்டது என்ற உண்மையைக் காரணமாகக் காட்டித்தான் ஏற்றது. பொய் ஏதும் அங்கே இல்லை.

இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே ஒரு வழியை, பழஞ்சின்னங்களின் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்தது. ஊகம் தொடங்கும் இடத்தில் ரெஸ்டோரேஷன் நிற்கவேண்டும். புதிதாகச் சேர்ப்பது மொத்தத்தோடு இசைந்திருக்கவேண்டும். அதே நேரம் புதிது என்று அடையாளம் தெரியவும் வேண்டும். ஓவியத்தில் இதை எப்படிச் செய்வது என்பதற்கு இத்தாலியின் செசாரே பிராண்டியும் அவரோடு இருந்தவர்களும் ரோம் நகரில் ஒரு முறையை வளர்த்தார்கள். வண்ணம் உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவார்கள். தள்ளி நின்றால் ஓவியம் முழுமையாகத் தெரியும். அருகில் போனால் எது பழையது, எது இட்டு நிரப்பியது என்பது கண்ணுக்குப் பட்டுவிடும்.

இந்த நேர்மை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. சோழ அரசி செம்பியன் மாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக மாற்றியபோது, பழைய கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். அவற்றில் இது ஒரு 'பழங்கற்படி' என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கிறது. திருமழபாடியில் முதலாம் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் பழைய விமானத்தைப் பிரித்துக் கல்லால் கட்ட ஆணையிட்டான். பிரிக்குமுன் சுவரில் இருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதி எடுக்கவும் சொன்னான். அவன் மகன் இராசேந்திரனின் 14-ஆம் ஆண்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் புதிய சுவரில் மறுபடி பொறித்தார்கள். பழையதை இடித்தார்கள் என்பது உண்மை. அவர்கள் காலத்தின் பக்தி அப்படி. ஆனால் எது மூலம், எது படி என்று எழுதிவைத்தார்கள். வெனிஸ் சாசனத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பே தமிழ்க் கல்வெட்டர்கள் இந்த வேறுபாட்டைக் கல்லில் காட்டியிருக்கிறார்கள். நாம் பெருமைப்படவேண்டிய விஷயங்களில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

அந்த மரபுக்கு நாம் உண்மையாக இருக்கிறோமா? குடமுழுக்கை முன்னிட்டு நடந்த திருப்பணிகளில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கற்களைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதில் கல்வெட்டின் எழுத்து மழுங்கியது, சிற்பத்தின் நகமும் நகையும் தேய்ந்தன. கருங்கல் தளத்தின்மேல் வழவழப்பான ஓடுகள் பதித்தார்கள், சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்ட் பூசினார்கள், ஓவியம் இருந்த சுவரில் வெள்ளையடித்தார்கள். எல்லாவற்றுக்கும் புனரமைப்பு என்றே பெயர். கோயில் வழிபாட்டில் இருக்கிறது, அருங்காட்சியகம் அல்ல, எனவே புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கவேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஜப்பானின் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டுகிறார்கள். 62-ஆவது முறை 2013-இல் நடந்தது. ஆனால் அங்கே மரம் தேரும் முறையும் உளி பிடிக்கும் முறையும் தலைமுறை விட்டுத் தலைமுறை கைமாறுகின்றன. பொருள் போனாலும் தொழில் நிற்கிறது. கல்லும் போய், ஸ்தபதியின் கைத்திறனுக்கும் வேலை இல்லாமல், ஒப்பந்ததாரரின் சிமெண்ட் மட்டும் மிஞ்சுவதை இசேயைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. தொன்மைச் சின்னங்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து எடுத்த வழக்கில், 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 75 உத்தரவுகளைப் பிறப்பிக்கவேண்டி வந்ததே நிலைமையைச் சொல்லும்.

நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடமே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்நடையில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். எதைக் காப்பது? சோழனைக் காட்ட நாயக்கரை அழித்தால், நானூறு ஆண்டு வரலாறு போகும். இந்தியத் தொல்லியல் துறை மேற்படலத்தைச் சேதமின்றிப் பெயர்த்து, தனிப் பலகைகளில் ஒட்டிப் பாதுகாத்து, அடியில் இருந்ததை வெளிக்கொணர்ந்தது. இரண்டு காலமும் பிழைத்தன. பழைய நிலை என்பது ஒன்றல்ல, பல என்பதை ஒப்புக்கொண்டதால்தான் அது முடிந்தது.

திருட்டுப்போன சிலைகள் விஷயத்தில் இந்த வினையின் ஆதிப் பொருள், அதாவது உரியவரிடம் திருப்பித் தருவது, மறுபடி உயிர் பெறுகிறது. பத்தூர் நடராசர் லண்டன் நீதிமன்றங்களில் வழக்காடி 1991-இல் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலியா 2014-இல் திருப்பிக் கொடுத்தது. ஆனால் திரும்பிவந்த திருமேனிகளில் பல இன்னும் பாதுகாப்பு மையங்களில்தான் இருக்கின்றன. நாட்டுக்குத் திரும்பியாயிற்று, ஊருக்குத் திரும்பவில்லை. சந்நிதியில் காவலும் கதவும் உறுதியாகும்வரை இந்த வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

திரைப்படத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகும். உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் எடுத்த 'கல்பனா' 1948-இல் வெளியான படம். பழைய பிரதியிலிருந்து அதைச் செப்பனிட்டு, 2012-இல் கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். படம் எடுத்தவர் கண்ட காட்சியை நெருங்குவதே அங்கே குறி. அதே ஆண்டு 'கர்ணன்' அகலத்திரைக்கு ஏற்ப மாற்றப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்து, புதிய தலைமுறை ரசிகர்களைப் பெற்றது. அந்த வெற்றி மகிழ்ச்சி தருவது. என்றாலும் 1964-இல் ஒளிப்பதிவாளர் வகுத்த சட்டகத்தின் அளவை மாற்றியதை ரெஸ்டோரேஷன் என்று சொல்லக்கூடாது, அது புதுப்பிப்பு. 1957-இன் தெலுங்கு 'மாயாபஜார்' படத்துக்கு 2010-இல் வண்ணம் ஏற்றியதும் அப்படித்தான்.

காட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் மேடிசன் நகரில், உழுது கைவிட்ட நிலத்தில், 1935 முதல் பழைய புல்வெளியை உண்டாக்க முயன்றது. நட்டால் மட்டும் போதவில்லை. இடைவிட்டுத் தீ வைத்தால்தான் அந்தப் புற்கள் நிலைக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. நிலத்தின் உருவத்தைக் கொண்டுவருவது போதாது, அதை நடத்திய இயக்கத்தையும் கொண்டுவரவேண்டும். நீலகிரியிலும் பழனிமலையிலும் இந்தப் பாடம் கண்முன் இருக்கிறது. அங்கே சரிவுகளில் புல்வெளியும், பள்ளங்களில் சோலையும் சேர்ந்ததே இயற்கை. ஆங்கிலேயர் காலம் முதல் புல்வெளிகளில் சீகையும் தைல மரமும் நட்டார்கள். இன்று அந்தச் சரிவில் மரம் நடுவது பசுமைப் பணியாகத் தோன்றலாம். உண்மையில் மீட்பு என்றால் அங்கே அந்நிய மரங்களை முறையாக அகற்றிப் புல்லுக்கு இடம் விடுவதுதான். 2021 முதல் 2030 வரையிலான ஆண்டுகளை ஐக்கிய நாடுகள் சபை சூழல் மீட்புக்கான பத்தாண்டாக அறிவித்திருக்கிறது. நட்ட கன்றுகளின் எண்ணிக்கை மட்டும் அதன் அளவுகோலாகிவிடக்கூடாது. செயற்கையாக மீட்ட இயற்கை போலி ஓவியத்துக்கு ஒப்பானது என்று தத்துவ அறிஞர் ராபர்ட் எலியட் 1982-இல் எழுதினார். அந்த அளவுக்குப் போக நான் தயாரில்லை. மீட்கலாம் என்பதைச் சாக்காக வைத்துச் சுரங்கத்துக்கு அனுமதி தராதீர்கள் என்ற அவர் எச்சரிக்கையை மட்டும் முழுமனதாக ஏற்கிறேன்.

எந்த நாளின் பழைய நிலை என்ற சிக்கல் கணினியில் இல்லை. 2000-இல் வந்த விண்டோஸ் மில்லென்னியம் பதிப்பு 'சிஸ்டம் ரெஸ்டோர்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. எந்த நாளின் நிலைக்குத் திரும்பவேண்டும் என்று அது முதலில் கேட்கும். அந்த நாளின் பதிவு சேமிப்பில் இருந்தால் மட்டுமே திரும்பும், இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடும்.

2019 ஏப்ரல் 15 அன்று நோத்ர்-தாம் தீப்பிடித்து வியொலே-லெ-துக்கின் கோபுரம் விழுந்தது. புதிய காலத்துக்கு ஏற்ற கோபுரமா, பழையபடியா என்று பிரான்ஸ் ஓராண்டுக்கும் மேலாக விவாதித்து, 2020 ஜூலையில் பழையபடியே என்று முடிவு செய்தது. திரும்பியது இடைக்காலக் கோபுரம் அல்ல, 1859-இன் கோபுரம். ஒருகாலத்தில் போலி என்று பழிக்கப்பட்டதே இப்போது மூலமாகியிருக்கிறது. 2024 டிசம்பரில் பேராலயம் திறந்தது. எந்த ஆண்டின் உருவம், எந்த வரைபடம், எந்த மரம் என்று ஒவ்வொன்றையும் ஊரறியச் சொல்லிச் செய்தார்கள். அதனால் நான் அதை ஏற்கிறேன்.

உங்கள் ஊர்க் கோயிலிலோ ஏரியிலோ புனரமைப்புப் பலகை வைத்தால், தொகையையும் ஒப்பந்ததாரர் பெயரையும் படிப்பதோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஆண்டின் நிலைக்குக் கொண்டுவரப்போகிறீர்கள், வேலைக்கு முன் எடுத்த படங்களும் அளவுகளும் கல்வெட்டுப் படிகளும் எங்கே என்று கேளுங்கள். புதிதாக வைக்கும் ஒவ்வொரு கல்லின் மூலையிலும் அதை வைத்த ஆண்டைப் பொறிக்கச் சொல்லுங்கள்.